காய்ச்சல் மருந்த ஊத்திட்டு ஸ்கூலுக்கு அனுப்புன அப்பன் எழுதுறது

மொதல்லயே ஒத்துக்கிட்டுடறேன், நானும் அத பண்ணிருக்கேன். காலைல 6.30க்கு பொண்ண எழுப்பும்போதே உடம்பு கதகதன்னு இருந்துச்சு, தெர்மாமீட்டர் வச்சா 100.8 காட்டுது. அன்னைக்குன்னு பாத்து எனக்கு ஆபீஸ்ல லீவ்ங்கற வார்த்தையவே எடுக்க முடியாது, வீட்டுக்காரிக்கும் அதே நெலம. பாராசிட்டமால் சிரப் ஊத்துனேன், கொஞ்ச நேரத்துல சூடு எறங்குச்சு, "இப்ப நல்லாருக்குல்ல செல்லம்"னு கேட்டு அவ வாயாலயே ஆமான்னு சொல்ல வச்சு யூனிஃபார்ம் மாட்டி அனுப்பிட்டேன். 11.15க்கு போன் வந்துச்சு. பாப்பா டெஸ்க்ல தலைய சாச்சு படுத்துட்டா சார், உடம்பு கொதிக்குது, வந்து கூட்டிட்டு போங்கன்னு.

நான் போனப்ப பைய மடில வச்சிக்கிட்டு ஒரு சேர்ல சுருண்டு உக்காந்திருந்தா. பக்கத்துல மிஸ். "அப்பா மருந்து குடுத்துதான் அனுப்பினாங்க, ஒன்னும் ஆகாதுன்னு சொன்னாங்க"ன்னு எல்லாத்தயும் அவங்ககிட்ட சொல்லிட்டா போல. மிஸ் என்ன ஒரு வார்த்த கேக்கல, சும்மா ஒரு பார்வ பாத்தாங்க, அது போதும். அடுத்த வாரம் அவ க்ளாஸ்ல 5 பேர் லீவு. என் பொண்ணாலதான்னு யாரும் சொல்ல முடியாது, இல்லவே இல்லன்னு நானும் சொல்ல முடியாது.

பாராசிட்டமால் சூட்ட எறக்குமே தவிர கிருமிய ஒன்னும் பண்ணாது, உள்ள இருக்கற வைரஸ் இருந்தபடியேதான் இருக்கும், தும்முனா வெளிய வரும். தெரியாத விஷயமா இது? தெரியும். இருந்தும் செஞ்சேன். அதுக்கப்பறம் வீட்ல ஒரு ரூல் போட்டோம்: காய்ச்சல் மருந்து எதுவும் குடுக்காம முழுசா 24 மணி நேரம் 100.4க்கு கீழ இருந்தாதான் ஸ்கூல். வாந்தி, பேதின்னா கடைசியா போனதுலேர்ந்து 48 மணி நேரம். சிக்கன்பாக்ஸ்னா எல்லா கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் வீடு. தொண்டைல பாக்டீரியா இன்ஃபெக்ஷன்னு டாக்டர் ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சா குறைஞ்சது ஒரு முழு நாள் போகட்டும். வெறும் மூக்கொழுகல், காய்ச்சல் இல்ல, நல்லா ஓடி ஆடிட்டு இருக்குன்னா அனுப்பிடுவோம், அதுக்கெல்லாம் லீவு போட்டா வருஷத்துல பாதி நாள் வீட்லதான் இருக்கணும்.

பாதி நாள்னு சும்மா சொல்லல. பெரியவன் ஒன்னாவது சேந்த வருஷம் மாசம் தவறாம சளி, நாங்க ரெண்டு பேரும் பயந்தே போயிட்டோம், இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையோன்னு கண்ட இம்யூனிட்டி சிரப்பயும் வாங்கி ஊத்துனோம். டாக்டர்தான் ஒரு கணக்கு போட்டு காட்டினாரு. இந்த வயசுல வருஷத்துக்கு 6லேர்ந்து 8 தடவ சளி புடிக்கறது சாதாரணம், ஒவ்வொன்னும் வாரம் பத்து நாள் இழுக்கும், 8 தடவன்னா கிட்டத்தட்ட 80 நாள், அதுவும் வருஷம் பூரா பரவலா வராம குளிர் மாசத்துல மொத்தமா வந்து நிக்கும், அப்ப பாக்கற உங்களுக்கு புள்ள எப்பவுமே சீக்காவே இருக்கற மாதிரிதான் தெரியும்னு. சளி புடிக்க வைக்கிற ரைனோ வைரஸ்லயே நூத்துக்கும் மேல வகை இருக்காம், ஒன்னு வந்து போனா அடுத்ததுக்கு பெருசா பாதுகாப்பு கிடையாது. எடை ஏறுதா, நடுவுல நல்லா இருக்கானா, ஆஸ்பத்திரில அட்மிட் பண்ற அளவுக்கு திரும்பத் திரும்ப போகுதா, இத மட்டும் பாருங்கன்னாரு. சிரப் பாட்டில் எல்லாம் அன்னையோட நின்னுச்சு.

சரி, வர்றத கொஞ்சமாவது கொறைக்க முடியுமான்னு எனக்கு வெளங்குனது ஒரு நாள் க்ளாஸ்ல பின்னாடி உக்காந்து பாத்தப்பதான். அப்பா அம்மா யாராவது வந்து புள்ளைங்களுக்கு கதை சொல்லணும்னு ஸ்கூல்ல கூப்பிட்டிருந்தாங்க, நான் கொஞ்சம் சீக்கிரமே போயிட்டேன், கடைசி பெஞ்ச்ல உக்கார சொன்னாங்க. ஒரு அரை மணி நேரம் என் பொண்ணோட கைய மட்டும் பாத்துக்கிட்டே இருந்தேன். பென்சில் பின்பக்கம் வாய்ல. அத எடுத்து பக்கத்து பையன்கிட்ட குடுக்கறா, அவன் எழுதிட்டு அவனும் கடிக்கறான், திரும்பி வருது, மறுபடி வாய்ல. மூக்க பொறங்கைல இழுத்து தொடைக்கறா, அதே கைய முன்னாடி இருக்கறவ ஜடைய புடிச்சு இழுக்கறதுக்கு யூஸ் பண்றா. கண்ண கசக்கறா. ரப்பர மோந்து பாக்கறா, அது எதுக்குன்னே தெரியல. வீட்ல நான் கைகழுவ எவ்வளவு லெக்சர் குடுத்திருப்பேன், அதுல ஒன்னும் அந்த ரூம்ல இல்ல.

அப்பறம் லஞ்ச் பெல். முப்பது புள்ளைங்க, 2 குழாய், ஒரு சோப்பு, அதுவும் தண்ணில ஊறி கொழகொழன்னு கெடக்கு. முக்காவாசி பேரு அத தொடவே இல்ல. விரல் நுனிய தண்ணில காட்டிட்டு மூனு செகண்ட்ல யூனிஃபார்ம்ல தொடச்சிட்டு ஓடுதுங்க. தப்பு சொல்லவும் முடியாது, பின்னாடி வரிச நிக்குது, பெல் அடிச்சு 20 நிமிஷத்துல சாப்டாகணும். அன்னைக்கு தோணுச்சு, நாம வீட்ல உக்காந்துக்கிட்டு 20 செகண்ட் கழுவு, 20 செகண்ட் கழுவுன்னு கத்துறோம், அங்க ஒருத்தருக்கு 20 செகண்ட்ன்னா 2 குழாய்க்கு முப்பது பேரு முடிக்க 5 நிமிஷம் முழுசா போயிடும். மிஸ்கிட்ட இத சொன்னேன், குத்தமா சொல்லாம கணக்கா சொன்னேன். அவங்களும் யோசிச்சு க்ளாஸ 2 செட்டா பிரிச்சு ஒரு செட்ட 5 நிமிஷம் முன்னாடியே கைகழுவ விட ஆரம்பிச்சாங்க. சோப்பு கட்டிக்கு பதிலா அழுத்துனா வர்ற லிக்விட் சோப்பு நாங்க நாலஞ்சு அப்பா அம்மா சேந்து மாத்தி மாத்தி வாங்கி குடுத்தோம். இத்தன வருஷத்துல நான் பண்ண எல்லாத்துலயும் இது ஒன்னுதான் உருப்படியான வேலைன்னு நெனைக்கிறேன்.

கைகழுவறதுல நாங்க புடிச்சிக்கிட்டது 2 நேரம்தான்: வாய்ல எதாவது போறதுக்கு முன்னாடி, டாய்லெட் போயிட்டு வந்த ஒடனே. இதுக்கு மேல ஸ்கூல்லேர்ந்து வந்ததும் பைய போட்ட கையோட நேரா பாத்ரூம், அப்பறம்தான் சோஃபா. நாள் முழுக்க கழுவு கழுவுன்னா எந்த புள்ளையும் கேக்காது, எப்பன்னு ரெண்டு மூனா சுருக்கி சொன்னா பழகிடும். கட்டவிரல், விரல் இடுக்கு, நகத்தடி, இந்த மூனும்தான் எப்பவும் விட்டுப்போகும். ஈரக் கைல கிருமி சுலபமா ஒட்டும், அதனால பைல ஒரு சின்ன துண்டு, தினம் மாத்தணும், வாரம் பூரா அதே துண்டுன்னா அது வேற கத.

சானிடைசர் பத்தி ஒன்னு. அதுல ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு கொறையாம இருக்கணும், கைல மண்ணும் பசையும் ஒட்டியிருந்தா சரியா வேல செய்யாது, முக்கியமா வாந்தி பேதி பரப்புற நோரோ வைரஸ அது பெருசா ஒன்னும் பண்ணாது. ஃப்ளூ வைரஸ் மேல ஒரு கொழுப்பு உறை இருக்கு, ஆல்கஹால் அத ஒடச்சிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, சோப்பு போட்டு தேச்சு தண்ணில அடிச்சு விரட்டுனாதான் போகும். எனக்கு இது எப்படி தெரியும்னா, பெரியவன் ஒரு நாள் ராத்திரி ஹால்ல வாந்தி எடுத்தான், நான் ஒரு பழைய துணிய வச்சு தொடச்சிட்டு சானிடைசர் போட்டு கைய தேச்சிக்கிட்டு போய் படுத்துட்டேன், மறுநாள் ராத்திரி நான், அதுக்கு மறுநாள் மிச்ச ரெண்டு பேரும். வீட்ல இருக்கறது ஒரே ஒரு டாய்லெட். அத இதுக்கு மேல விவரிக்க வேணாம். இப்பல்லாம் வாந்தின்னா க்ளவுஸ், மாஸ்க், பேப்பர்ல மொத்தமா அள்ளி கவர்ல கட்டிட்டு, ப்ளீச் பாட்டில்ல போட்டிருக்கற அளவுல தண்ணி கலந்து தொடைக்கிறேன், ஜன்னல தெறந்து விட்டுட்டு. சின்னதுங்கள கிட்ட விடறதில்ல. குடிக்கறதுக்கு ஓஆர்எஸ், பாக்கெட் இல்லாத நேரத்துக்கு 1 லிட்டர் சுத்தமான தண்ணி, தல தட்டுன 6 டீஸ்பூன் சர்க்கர, அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான், உப்ப மட்டும் கண்ணளவுல போட்டுடாதீங்க. வாந்தி எடுக்கற புள்ளைக்கு டம்ளரோட குடுத்தா அப்படியே திரும்பி வரும், 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒன்னு ரெண்டு ஸ்பூன்னு குடுத்தா உள்ள நிக்கும்.

தண்ணி பாட்டில். நான் தினமும் கழுவுறவன்தான், உள்ள ப்ரஷ் விட்டு, வெளிய ஸ்பாஞ்ச் போட்டுன்னு. ஒரு நாள் மூடியோட உள்பக்கம் இருக்கற ரப்பர் வளையத்த ஒரு ஊக்க வச்சு நெம்பி எடுத்தேன், அடியில கருப்பா வழவழன்னு ஒரு படலம், தொட்டா இழுக்குது. ஸ்ட்ராவ வெளிச்சத்துல தூக்கி பாத்தா அதுக்குள்ளயும் அதே. ஆறு மாசமா அது வழியாத்தான் குடிச்சிருக்கா. அன்னைக்கே ஸ்ட்ரா பாட்டில தூக்கிப் போட்டு வாய் அகலமா, உள்ள கைய விட்டு கழுவற மாதிரி ஒன்னு வாங்கினேன். உங்க வீட்டு பாட்டிலயும் இன்னைக்கு ஒரு தடவ அந்த ரப்பர கழட்டி பாருங்க.

பாட்டில் பேச்சு வந்ததால இதயும் சொல்லிடறேன். கொஞ்ச நாள் அவ பாட்டில் கொண்டுபோன மாதிரியே நெறைஞ்சு திரும்பி வந்துச்சு. சோம்பேறித்தனம்னு திட்டுனேன். ரெண்டு வாரத்துல யூரின் போறப்ப எரியுதுன்னு அழுதா, காய்ச்சல், டெஸ்ட் பண்ணா யூரின் இன்ஃபெக்ஷன். பொறுமையா கேட்டப்பதான் சொன்னா, ஸ்கூல் டாய்லெட்ல கதவு தாப்பா சரியில்ல, நாத்தம் வேற, அதனால போறதே இல்லயாம், போகக் கூடாதுன்னா தண்ணி குடிக்காம இருக்கணும்னு அவளே ஒரு லாஜிக் போட்டிருக்கா. ஒரு ஏழு வயசு புள்ள காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் அடக்கிட்டு உக்காந்திருக்கு, அப்பன் பாட்டில பாத்து திட்டிட்டு இருக்கேன். அடக்குனா இன்ஃபெக்ஷன் மட்டும் இல்ல, மலச்சிக்கலும் கூடவே வரும், மலச்சிக்கல் இருந்தா யூரின் இன்ஃபெக்ஷன் இன்னும் சுலபமா வரும், ரெண்டும் கூட்டாளிங்க. தாப்பாவ சரி பண்ணச் சொல்லி ஸ்கூல்ல பேசினோம், பண்ணாங்க. ப்ரெண்டோட ஜோடியா போ, ஒருத்தி வெளிய நிக்கட்டும்னு சொல்லிக் குடுத்தோம், முன்னாடியிலிருந்து பின்பக்கமா தொடைக்கணும்ங்கறதும் அப்பதான் அவ அம்மா சரியா சொல்லிக் குடுத்தா. உங்க புள்ளைகிட்ட ஸ்கூல்ல டாய்லெட் போறியான்னு கேக்காதீங்க, போறேன்னுதான் சொல்லும். அந்த டாய்லெட் எப்படி இருக்கும், கதவு என்ன கலர்னு கேளுங்க, முழிச்சா புரிஞ்சிடும்.

பூச்சி விஷயம் பேச எல்லாருக்கும் கூச்சம், ஆனா இந்த வயசுல ரொம்ப சகஜம். ராத்திரி தூக்கத்துல பின்னாடி சொறிஞ்சிக்கிட்டே பொரண்டான் பெரியவன், டார்ச் அடிச்சு பாத்தா வெள்ளையா நூல் துண்டு மாதிரி நெளியுது. ராத்திரிலதான் அது வெளிய வந்து முட்ட போடும், அரிக்கும், சொறிவாங்க, முட்ட நகத்தடில போய் உக்காரும், காலைல அதே கை வாய்க்குள்ள, அவ்வளவுதான் சுத்து முடிஞ்சுது. டாக்டர் மாத்திர குடுத்து வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல போடணும், 2 வாரம் கழிச்சு இன்னொரு தடவ போடணும்னு சொன்னாரு. மொத தடவ அரிப்பு நின்னதும் அந்த ரெண்டாவது டோஸ மறந்துட்டோம், ஒரு மாசத்துல திரும்பி வந்துச்சு. மாத்திர புழுவத்தான் கொல்லும், முட்டைய இல்ல, அந்த முட்ட துணிலயும் பெட்ஷீட்லயும் 2, 3 வாரம் வரைக்கும் உயிரோட இருக்கும், அது பொரிச்சு வர்றதுக்குத்தான் ரெண்டாவது டோஸ். இப்ப மொத டோஸ் போட்ட அன்னைக்கே போன்ல அலாரம் வச்சிடறேன். நகத்த ஒட்ட வெட்டுறது, காலைல எழுந்ததும் குளிக்கறது, பெட்ஷீட்ட உதறாம அப்படியே சுருட்டி சுடுதண்ணில போடறது, இந்த மூனும் சேந்தாதான் போகும்.

பேன பத்தி ஒரு வார்த்த: அது தாவாது, பறக்காது, தலையோட தல ஒட்டுனாதான் ஏறும், சுத்தமா இல்லாததால வர்றதும் இல்ல. அதனால புள்ளைய அசிங்கப்படுத்தாதீங்க. மருந்து போட்டாலும் ஈர முடில பேன் சீப்பு போட்டு வாரணும், ஈரு பொரியறதுக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதனால 9 நாள் கிட்ட இன்னொரு தடவ மருந்து.

கை, கால், வாய்ல கொப்புளம் வர்ற ஹேண்ட் ஃபுட் மவுத் வந்தப்ப பயந்தத விட, அது சரியாகி ஒரு மாசம் கழிச்சு பையனோட கட்டவிரல் நகம் அடிலேர்ந்து கழண்டு வந்தப்பதான் எனக்கு உசிரே போச்சு. அது நடக்கறதுதானாம், வலியில்லாம விழுந்து புதுசா மொளைக்கும், மொளைச்சுது. ஆனா கொப்புளம் ஆறின பின்னாடியும் மலத்துல அந்த வைரஸ் பல வாரம் வந்துக்கிட்டு இருக்கும்ங்கறதால டாய்லெட் போயிட்டு கைகழுவறதுல அந்த மாசம் ரொம்ப கெடுபிடியா இருந்தோம்.

கைகழுவறது கைகொடுக்காத ஒன்னும் இருக்கு, தட்டம்மை. அது காத்துல பரவறது, வந்த புள்ள ரூம விட்டு போயி 2 மணி நேரம் வரைக்கும் அந்த காத்துல இருக்கும், எதிர்ப்பு இல்லாத 10 பேர் பக்கத்துல இருந்தா 9 பேருக்கு வந்துடும். அதுக்கு தடுப்பூசி ஒன்னுதான் வழி, 2 டோஸும் போட்டிருந்தா 97 சதவீதம் பாதுகாப்பு. ஊசி கார்ட எடுத்து ரெண்டாவது டோஸ் தேதிய பாத்தீங்களா? நாங்க வீடு மாறுன குழப்பத்துல சின்னவளுக்கு விட்டுட்டோம், ஸ்கூல் அட்மிஷனுக்கு கார்ட் கேட்டப்பதான் தெரிஞ்சுது, லேட்டானாலும் போடலாம்னு டாக்டர் போட்டு விட்டாரு. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடணும், 9 வயசுக்கு கீழ மொத தடவன்னா 4 வாரம் இடவெளி விட்டு 2 டோஸ், போட்டு 2 வாரம் கழிச்சுதான் வேல செய்ய ஆரம்பிக்கும், அதனால சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போடறது நல்லது, க்ளாஸ்ல பத்து பேருக்கு வந்தப்பறம் ஓடறதுல பெரிய லாபம் இல்ல.

மூக்குல பச்சையா வந்தா ஒடனே ஆன்டிபயாட்டிக் கேட்டு நிக்கற ஆளுதான் நானும். கலர வச்சு பாக்டீரியான்னு சொல்ல முடியாது, சாதாரண வைரஸ் சளியே நாலஞ்சு நாள்ல கெட்டியாகி பச்சையாகும். போன தடவ மிச்சம் இருந்த பாட்டில எடுத்து ஊத்துற வேல மட்டும் வேணவே வேணாம். நான் தாமதிக்காம டாக்டர்கிட்ட ஓடறது எப்பன்னா, மூச்சு வாங்கறப்ப விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தா, எழுப்புனாலும் சரியா முழிக்காம தொவண்டு கெடந்தா, கழுத்த மடக்க முடியலன்னா, 8 மணி நேரமா யூரின் போகலன்னா, உடம்புல செவப்பு புள்ளி வந்து டம்ளர வச்சு அழுத்தியும் மறையலன்னா. காய்ச்சல் நம்பர விட புள்ள எப்படி இருக்குன்னு பாக்கறதுதான் முக்கியம், 102லயும் வெளையாடுற புள்ளையும் இருக்கு, 100லயே சுருண்டு கெடக்கறதும் இருக்கு.

தூக்கத்த யாரும் இந்த லிஸ்ட்ல சேக்கறதில்ல. 6லேர்ந்து 12 வயசு வரைக்கும் 9 மணி நேரத்துக்கு கொறையாம வேணும். எங்க வீட்ல பத்தரை வரைக்கும் முழிச்சிக்கிட்டு கெடந்ததுங்கள 9க்கு இழுத்துட்டு வர ஒரு மாசம் சண்ட, அழுக, எனக்கும் ராத்திரி மொபைல் கட்.

இப்ப என்ன நிலவரம்னா, போன வருஷம் சின்னவளுக்கு 7 தடவ சளி, இந்த வருஷம் இதுவரைக்கும் 3. வயசு ஏறுனதாலயும் கொறஞ்சிருக்கலாம், முழு கிரெடிட்டயும் நான் எடுத்துக்க மாட்டேன். போன மாசம் மறுபடி காலைல உடம்பு சூடு, 100.6, மறுபடி லீவ் எடுக்க முடியாத நாள்தான். இந்த தடவ நான் பாதி நாள், அவ அம்மா பாதி நாள்னு பங்கு போட்டு வீட்லயே வச்சிக்கிட்டோம், க்ளாஸ் க்ரூப்ல பாப்பாவுக்கு காய்ச்சல், பக்கத்துல உக்கார்றவங்க ரெண்டு நாள் கொஞ்சம் கவனிச்சுக்கோங்கன்னு ஒரு மெசேஜும் போட்டேன். ஒருத்தரும் கோச்சுக்கல, எங்க வீட்லயும் நேத்துலேர்ந்து அப்படித்தான்னு ரெண்டு பேர் சொன்னாங்க.

ஸ்கூல்ல சோப்பு தீந்துபோற நாளுக்குன்னு அவ பைல ஒரு சின்ன பாட்டில்ல லிக்விட் சோப்பு ஊத்தி வச்சிருக்கேன். ஒரு வாரம் வரும்னு பாத்தா ரெண்டே நாள்ல காலி. பரவால்லயே, புள்ள நல்லா கழுவுதேன்னு சந்தோஷப்பட்டேன். நேத்து பைய தொடைக்கறப்ப ஜாமெட்ரி பாக்ஸ்ல 11 ஸ்டிக்கர் இருந்துச்சு, ஏதுடீன்னா, ஒரு அழுத்து சோப்புக்கு ஒரு ஸ்டிக்கராம்.